துடைத்துக்கொண்டே பேசினார்

ராயக்கோட்டை,
8.6.2025

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி குருமூர்த்தி எழுதிக்கொள்வது. இங்கே நானும் அனிதாவும் ராஜ்குமாரும் சௌக்கியம். என் முழங்கால் மட்டும் சௌக்கியமில்லை, அதற்கு என்னைவிட வயது அதிகம் போலிருக்கிறது. நீயும் மாமாவும் எப்படி இருக்கிறீர்கள்? மாங்காய் இறக்கியாயிற்றா?

போனில் பேசினால் நமக்கு ஒத்துவராது, சண்டையில்தான் முடியும், இனிமேல் எழுதுவோம் என்று அப்பாவின் காரியம் முடிந்த அன்று நீ சொன்னது நல்ல யோசனை. ஒரு வருஷமாக நமக்குள் சண்டையே இல்லை. தபால்காரர் முனீஸ்வரன்தான், "ஏன் சார், உங்க ரெண்டு ஊட்லயும் போன் இல்லீங்களா?" என்று கேட்கிறார். இருப்பதால்தான் எழுதுகிறோம் என்றேன். அவருக்குப் புரியவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவின் ரிவால்வர் லைசென்ஸ் என் பெயருக்கு மாறிவிட்டது. வாரிசு என்ற முறையில் உனக்கு ஆட்சேபனை இல்லை என்று நீ கையெழுத்துப் போட்டதால்தான் வேலை நடந்தது. கிருஷ்ணகிரியில் ஒப்படைத்திருந்ததைப் போன வாரம் வாங்கி வந்தேன். பார்த்ததும் வயிறு எரிந்தது அக்கா. கடைசிக் காலத்தில் அப்பா அதைத் தொடவே இல்லை போலிருக்கிறது. உடம்பு முழுக்கத் துரு. கைப்பிடி மரம் வெடித்துவிட்டது. தக்காளி மண்டியிலிருந்து பணத்தோடு வரும்போது இடுப்பில் வைத்திருப்பாரே, அந்த மிடுக்கு எங்கே, இது எங்கே.

நான் ரிட்டயர்டு ஆகி வீட்டில் குறுக்கும் நெடுக்கும் நடப்பது அனிதாவுக்குப் பிடிக்கவில்லை. "எதாச்சும் வேல வச்சிக்கோங்க, என் பின்னாடியே சுத்தாதீங்க" என்கிறாள். வேலை கிடைத்துவிட்டது. இதைப் புதுசாக்கப் போகிறேன். பயப்படாதே, வீட்டில் ஒரு தோட்டா கூடக் கிடையாது. ஓசூரில் ஜமீர் அகமது கடைக்குப் போய் உப்புத்தாள், தேய்க்கும் கல், பாலீஷுக்கு வைரப் பசை எல்லாம் வாங்கிவிட்டேன். கம்பெனியில் அச்சு செய்கிற டூல்ரூமில் இருந்த காலம் முழுக்க அவரிடம்தான் வாங்கினேன். அந்தக் கடைச் சரக்கில் கலப்படம் இருக்காது. ரிட்டயர்டு ஆன பிறகும் வந்தீர்களே என்று டீ வாங்கிக் கொடுத்தார்.

மாமாவை விசாரித்ததாகச் சொல். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி,
குருமூர்த்தி

*

சிங்காரப்பேட்டை,
19.6.2025

தம்பி குருமூர்த்திக்கு,

வெங்கடம்மாள் ஆசீர்வாதம். நாங்கள் நலம். மாங்காய் இறக்கியாயிற்று. உங்கள் மாமாவுக்கு இருமல் இருந்தது, இப்போது இருமலைப் பற்றிய பேச்சு மட்டும் இருக்கிறது. முழங்காலுக்கு எண்ணெய் தடவு, வெயிலில் உட்காராதே.

கையெழுத்துக் கேட்டாய், போட்டேன். செத்தவர் சாமான், எங்கேயாவது போகட்டும் என்று போட்டேன். அதைப் பளபளவென்று ஆக்கி நீ என்ன செய்யப் போகிறாய் என்று எனக்கு விளங்கவில்லை. மண்டிக்குப் போகிறாயா, தக்காளி விற்கிறாயா? கலெக்டர் ஆபீசில் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். ஆனால் நீ ஒன்றைப் பிடித்தால் விட மாட்டாய். சின்ன வயதில் பித்தளைச் சொம்பைத் தேய்க்கச் சொன்னால் சொம்பு மெலிந்துபோகிற வரைக்கும் தேய்ப்பாய்.

அதை விடு. ராஜ்குமாருக்கு இருபத்தேழு ஆகிறதே, பெண் பார்க்கிறீர்களா? உங்கள் மாமா பக்கத்தில் ஒரு பெண் இருக்கிறாள், கிருஷ்ணகிரியில் நர்ஸ். அவனைக் கேட்டு எழுது. அனிதாவுக்கு என் அன்பு.

அக்கா,
வெங்கடம்மாள்

*

ராயக்கோட்டை,
20.7.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீங்கள் நலமாக இருக்க வேண்டும். பதில் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே, கை வேலையில் இருந்தது.

ரிவால்வரை முழுக்கப் பிரித்துவிட்டேன். ஒவ்வொரு திருகையும் தனித்தனிக் கிண்ணத்தில் போட்டு மண்ணெண்ணெயில் ஊறவைத்தேன். அனிதாவின் பாயசக் கிண்ணங்கள் என்பதால் வீட்டில் கொஞ்சம் சத்தம். துரு கரைந்த பிறகு பார்த்தால் அடியில் அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியாக இருக்கிறது. இன்னொருவர் என்றால் மேலாகத் துடைத்து, கறுப்புச் சாயம் ஏற்றி மூடியிருப்பார்கள். நான் அப்படிச் செய்ய மாட்டேன். எங்கள் தொழிலில் ஒரு பாடம் உண்டு: அச்சில் ஒரு கீறல் இருந்தால், அதிலிருந்து வருகிற பொருள் அத்தனையிலும் கீறல் இருக்கும். கார் முகப்பு விளக்கின் கண்ணாடிக்கு நான் பாலீஷ் போட்ட அச்சில் முகம் பார்த்து மீசை கத்தரித்துக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். அதனால் குழி மறைகிற வரைக்கும் சமமாகத் தேய்க்கிறேன். முதலில் கல், பிறகு முரட்டுத்தாள், பிறகு நைசு. ஒரு திசையில் தேய்த்தால் அடுத்த தாளைக் குறுக்கே தேய்க்க வேண்டும். முந்தைய கோடு போனதா இல்லையா என்று அப்போதுதான் தெரியும்.

தாள் தீர்ந்துவிட்டது. பாகலூர் சாலையில் ஒரு புதுக்கடை இருக்கிறது, அங்கே வாங்கினேன். சரக்கு சுமார்தான்.

கைப்பிடிக்கு உடைந்துபோன பழைய நாற்காலியின் ஈட்டி மரத்தை அறுத்து வைத்திருக்கிறேன். வேலை முடிந்ததும் போட்டோ அனுப்புகிறேன்.

மாமாவின் இருமல் எப்படி?

குருமூர்த்தி

*

சிங்காரப்பேட்டை,
2.8.2025

தம்பிக்கு,

ஆடிப் பதினெட்டுக்கு நாளை கோயிலுக்குப் போகிறோம். அதற்கு முன்னால் இதைப் போட்டுவிடுகிறேன். நலம்.

உன் கடிதத்தை உங்கள் மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். "உன் தம்பி தொழில் சொல்லித் தர்றானா, கடுதாசி எழுதறானா?" என்றார். பக்கம் பக்கமாகத் துப்பாக்கி. பையனைப் பற்றி ஒரு வரி இல்லை. நர்ஸ் பெண்ணைப் பற்றிக் கேட்டேனே, வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ எழுத ஒரு சொட்டு மை இல்லையா?

இன்னொன்று. ஜமீர் கடையைத் தவிர வேறு கடையில் குண்டூசி கூட வாங்க மாட்டாய். பக்ரீத் பிரியாணி வாளியோடு அவர் வந்தால் நீ வாசலுக்கே ஓடுவாய் என்று அனிதா சிரிப்பாள். இப்போது பாகலூர் சாலையில் சுமாரான சரக்கு வாங்குகிறாய். என்ன நடந்தது? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்காதே. எனக்கு வயதாகிவிட்டது, கண் நன்றாகத்தான் தெரிகிறது.

எழுது.

அக்கா

*

ராயக்கோட்டை,
21.9.2025

அன்புள்ள அக்காவுக்கு,

இத்தனை நாள் எழுதாததற்கு முழங்காலைக் காரணம் சொல்லலாம். சொன்னால் நீ நம்ப மாட்டாய். மற்றபடி வீட்டில் எல்லோருக்கும் உடம்பு நலம்.

நீ மோப்பம் பிடித்தது சரி. ராஜ்குமார் வேலை செய்கிற ஸ்கூட்டர் கம்பெனியில் ஜமீர் மகள் ஜைபாவும் வேலை செய்கிறாள். தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறாள். இரண்டு பேரும் கல்யாணம் என்று முடிவு செய்துவிட்டார்களாம். முடிவு செய்த பிறகு எனக்குத் தகவல். ஜூன் மாதம் கடைசியில் சொன்னான். நான் உள்ளே போய்த் தேய்க்க உட்கார்ந்தேன். அன்றிலிருந்து தேய்த்துக்கொண்டே இருக்கிறேன்.

ஜமீர் நல்ல மனுஷன், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நம் ஜனம் என்ன சொல்லும்? எல்லா வீட்டிலும் என்ன பேசுவார்கள்?

ஆயுத பூஜை முடிந்து வருகிற ஞாயிற்றுக்கிழமை ஜமீர் வீட்டுக்கு வந்து பேசுவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார். நான் கத்த மாட்டேன், பயப்படாதே. எல்லப்பன் விஷயத்தில் அப்பா நடந்துகொண்டதை நினைத்துப் பார்க்கிறேன். நான் அப்போது ஐ.டி.ஐ. படித்துக்கொண்டிருந்தேன். உன்னைக் கேட்டு அவன் வீட்டார் வந்தபோது அப்பா ஒரு வார்த்தை அதட்டவில்லை. முன்னறையில் உட்கார்ந்து ரிவால்வரைத் துடைத்துக்கொண்டே பேசினார். அவர்களும் காபி குடித்துவிட்டு மரியாதையாகப் போய்விட்டார்கள். சண்டை இல்லை, சச்சரவு இல்லை. உனக்கும் நல்ல இடத்தில் அமைந்தது. பெரிய மனுஷன் என்றால் அப்படி இருக்க வேண்டும்.

ரிவால்வர் முடிந்துவிட்டது. ஒரு குழி இல்லை, ஒரு கோடு இல்லை. சாயம் ஏற்றாமல் வெள்ளையாகவே விட்டிருக்கிறேன். முகம் தெரிகிறது. பூஜையில் வைக்கப் போகிறேன்.

குருமூர்த்தி

*

சிங்காரப்பேட்டை,
27.9.2025

குருமூர்த்தி,

நலம் விசாரிக்க நேரமில்லை. உன் கடிதம் இன்றுதான் கிடைத்தது. விரைவுத் தபாலில் போடுகிறேன். நடுவில் ஆயுத பூஜை, காந்தி ஜெயந்தி எல்லாம் வருகிறது. அதற்குள் உன் கைக்கு வந்து சேர வேண்டும். போனில் சொல்லலாம். சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், நான் அழுவேன். பாதியில் நிற்கிற பேச்சு இதற்கு உதவாது.

அன்றைக்கு யாரும் காபி குடிக்கவில்லை. டம்ளர்களை எடுத்தவள் நான். எல்லாம் ததும்பத் ததும்ப இருந்தது. எல்லப்பனின் அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அவர் நம் அப்பாவைவிட வயதில் பெரியவர். வாசலில் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போனார். நீ முன்னறையில் நின்று அப்பாவைப் பார்த்தாய். நான் உள்ளே நின்று அவர்களைப் பார்த்தேன்.

எல்லப்பனுக்காக அழுகிறேன் என்று நினைக்காதே. அதெல்லாம் எப்போதோ தீர்ந்தது. உங்கள் மாமா தங்கமான மனுஷர், நான் சந்தோஷமாகத்தான் வாழ்ந்தேன். என் விஷயம் வேறு. எனக்கும் ஒரு வாய் இருந்தது. வேண்டாம் என்றால் என்னிடம் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம், கத்தியிருக்கலாம், அடித்திருக்கலாம். ஒரு இரும்பைத் துடைத்தே பேச்சை முடித்துவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, அப்போதும் பேசவில்லை, சாகிற வரைக்கும் பேசவில்லை.

சரி, அப்பா ஜெயித்தார். ஜெயித்து என்ன கண்டார்? கல்யாணத்துக்குப் பிறகு நான் அந்த வீட்டுக்கு எந்தக் கிழமையில் வருவேன் என்று யோசித்துப் பார். சனிக்கிழமை. எப்போதும் சனிக்கிழமை. பெருமாள் விரதம், சாப்பிட மாட்டேன் என்று சொல்வேன். அக்காவுக்கு எவ்வளவு பக்தி என்று நீ ஊரெல்லாம் சொன்னாய். முதல் பிரசவத்துக்கு எல்லாப் பெண்ணும் தாய் வீட்டுக்குத்தான் போவாள். நான் மாமியார் பார்த்துக்கொள்வார் என்று இங்கேயே இருந்துவிட்டேன். அந்த வீட்டில் நாற்பது வருஷமாக ஒரு வாய் சோறு நான் சாப்பிடவில்லை குருமூர்த்தி. இங்கே சனிக்கிழமையானால் இட்லி, மதியம் சாப்பாடு, எல்லாம் சாப்பிடுவேன். எனக்கு ஒரு விரதமும் கிடையாது.

அப்பாவுக்குத் தெரியும். ஒவ்வொரு தடவையும் என் முன்னால் இலையைப் போடச் சொல்லிவிட்டு, நான் விரதம் என்றதும் எழுந்து வெளியே போய்விடுவார். அம்மா அழுவாள். உனக்கு மட்டும்தான் தெரியாது.

உன் பிள்ளை உன் வீட்டில் விரதம் இருக்க வேண்டுமா? வேண்டாம் என்றால் வேண்டாம் என்று வாயால் சொல். அதை மேசைமேல் வைக்காதே. எடுத்து பீரோவில் பூட்டு.

அக்கா

*

ராயக்கோட்டை,
12.10.2025

அக்காவுக்கு,

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. ஜமீர் வந்தது ஞாயிற்றுக்கிழமை.

நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன். பூஜையில் வைத்து சந்தனம் குங்குமம் இட்டிருந்தேன். அதைத் துடைக்கிற சாக்கில் முன்னறையில் உட்கார்ந்தேன். ஜமீர் தனியாக வந்தார், வெள்ளைச் சட்டை, கையில் பழப்பை. உட்கார்ந்தார். நான் துடைத்துக்கொண்டே, "சொல்லுங்க" என்றேன். அவர் பயந்த மாதிரி தெரியவில்லை. என் கையையே கொஞ்ச நேரம் பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது.

"பாலீஷ் நல்லா வந்திருக்குதுங்க சார். ஆனா பசை நம்ம கடைது இல்லீங்களே" என்றார்.

நான் துடைப்பதை நிறுத்தவில்லை.

"இப்பிடி குடுங்க, பாக்கலாம்" என்று கையை நீட்டினார். எத்தனையோ வருஷம் ஒரு சாமானை இருவரும் மாறி மாறிப் பார்த்த பழக்கம், என்னை அறியாமல் கொடுத்துவிட்டேன். ஜன்னல் பக்கம் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தார். அப்புறம் அடியில் பார்த்தார், பக்கவாட்டில் பார்த்தார்.

"சார், இதுல நம்பரு எங்கீங்க?"

அக்கா, நம்பர் இல்லை. லைசென்சில் எழுதியிருக்கிற நம்பர், ரிவால்வரின் உடம்பில் அடித்திருந்த நம்பர், துருவில் குழியோடு குழியாகக் கிடந்திருக்கிறது. குழி மறையும் வரை தேய்த்தேன் என்று உனக்குப் பெருமையாக எழுதினேனே, அதோடு நம்பரும் போய்விட்டது. வாழ்நாளெல்லாம் மிச்சமில்லாமல் அழித்தே பழகிய கை. எதை விட்டுவைக்க வேண்டும் என்று அதற்குத் தெரியவில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

ஜமீர் அதை மேசைமேல் வைத்தார். "நம்பர எடுத்தா பெரிய கேசுங்க அது" என்றார். பிறகு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நான் இந்தக் கல்யாணம் வேணாம்னு சொல்லத்தாங்க வந்தேன். எம் பொண்ணுக்கு வாணியம்பாடில ஒரு எடம் பேசி வச்சிருக்கேன். உங்க பையன்கிட்ட எடுத்துச் சொல்லுங்கன்னு கேக்கத்தான் பழம் வாங்கியாந்தேன். இப்ப அந்த வார்த்த வாய்ல வர மாட்டேங்குது. சொன்னா, துப்பாக்கியப் பாத்து பயந்து சொன்னதா ஆயிருமில்ல?"

எழுந்துவிட்டார். டீ அப்படியே இருந்தது. அனிதா டம்ளரை எடுத்துக்கொண்டு போனாள், என் முகத்தைப் பார்க்கவில்லை. ராஜ்குமார் கதவோரம் நின்றிருந்தான்.

அடுத்த வருஷம் தேர்தல். அறிவிப்பு வந்தால் லைசென்ஸ் துப்பாக்கியெல்லாம் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். அங்கே நம்பர் பார்ப்பார்கள்.

நீ எழுதிய விரத விஷயத்தைப் பல தடவை எடுத்து வாசித்தேன்.

குருமூர்த்தி

*

சிங்காரப்பேட்டை,
26.10.2025

தம்பிக்கு,

தீபாவளி போயிற்று. எங்களுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் கடிதத்தை மாமாவுக்கும் வாசித்தேன். "நல்லா கண்ணாடி மாதிரி பண்ணிட்டானில்ல, அதுல அவன் மூஞ்சிய ஒரு தரம் பாத்துக்கட்டும்" என்றார். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை, தெரியும்தானே.

தேர்தல் வரைக்கும் காத்திருக்காதே. அவர்களாகக் கண்டுபிடித்தால் நீ திருடன். நீயாகப் போய்ச் சொன்னால் மடையன். மடையனாக இருப்பது நம் குடும்பத்துக்குப் புதிதில்லை. ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டு ஸ்டேஷனுக்குப் போ. துரு எடுக்கப் போய் நம்பர் போனது என்று எடுத்துச் சொல்ல அந்தத் தொழில் தெரிந்த ஒருவர் கூட இருந்தால் நல்லது. அப்படி ஒருவர் ஓசூரில் கடை வைத்திருக்கிறார். அவரிடம் போய் நிற்க உனக்கு வெட்கமாக இருக்கும். இருக்கட்டும். வெட்கப்பட்டு யாரும் செத்ததில்லை.

அனிதா எனக்குப் போன் செய்தாள். ராஜ்குமார் வீட்டில் சாப்பிடுவதில்லையாமே. காலையில் கம்பெனி கேன்டீன், இரவிலும் கேன்டீன், லீவு நாளில் சிநேகிதன் வீடு. சாப்பிட்டுவிட்டேன் அம்மா, பசியில்லை அம்மா என்கிறானாம். மரியாதையாகத்தான் சொல்கிறானாம். நானும் மரியாதையாகத்தான் சொன்னேன் குருமூர்த்தி. ஒரு நாளும் குரல் உயர்த்தவில்லை.

அக்கா

*

ராயக்கோட்டை,
14.12.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். குளிர் அதிகம். ஓசூர் பக்கம் காலையில் ரோடு தெரியாத பனி. நீயும் மாமாவும் கம்பளி இல்லாமல் வெளியே வராதீர்கள்.

ஜமீர் கடை வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன், ஒருமுறை இல்லை, பலமுறை. கடைசியில் அவரே பார்த்துவிட்டு, "உள்ள வாங்க சார், வெயில்ல நிக்காதீங்கோ" என்றார். வெயிலே இல்லை. ஸ்டேஷனுக்குத் துணைக்கு வரக் கேட்டேன். மன்னிப்பும் கேட்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, கடைப்பையன்கள் எதிரிலேயே. அவர் கல்லாவைச் சாத்தினார். அப்புறம் கடையைப் பார்த்துக்கொள்ளும்படி தன் தம்பியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார். சந்தோஷமாக வரவில்லை, முனகிக்கொண்டே வந்தார்.

வக்கீலோடு ஸ்டேஷனுக்குப் போனோம். எந்தத் தாள் எவ்வளவு இரும்பை எடுக்கும் என்று ஜமீர் இன்ஸ்பெக்டருக்கு எடுத்துச் சொன்னார். "திருடணும்னு நெனைக்கிறவங்க நம்பர மட்டும் ராவுவாங்க. இந்த மனுஷன் முழுசா ராவி வச்சிருக்காரு பாருங்க" என்றார். இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். ஆனாலும் கேஸ் உண்டு. ரிவால்வரையும் லைசென்சையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். லேபுக்கு அனுப்பினால் அடியில் பதிந்த நம்பரை வெளியே கொண்டுவருவார்களாம். என் கைக்கு இனி வராது. வந்தாலும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். கோர்ட்டுக்கு நடக்க வேண்டியிருக்கும், நடந்துகொள்கிறேன்.

திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் டீ குடித்தோம். நான், "இப்ப தைரியமா வேணாம்னு சொல்லலாம்ங்க, என் கைல ஒண்ணும் இல்ல" என்றேன். அவர் டீயைக் குடித்து முடித்தார். "எனக்கு இன்னும் இஷ்டமில்லீங்க சார், உள்ளதச் சொல்றேன்" என்றார். "ஆனா அன்னிக்கி ஊட்டுக்குப் போயி நடந்ததச் சொன்னனா, ஜைபா என்ன கேட்டா தெரியுங்களா? அவரு துப்பாக்கியக் காட்டினாரு, நீங்க வேணாம்னு சொல்ல என்னத்தக் காட்டப் போறீங்கன்னு. அதான் இன்னொரு தரம் உக்காந்து பேசலாம்ங்க."

சரி என்றேன். இரண்டு பேரும் அவரவர் பஸ்ஸில் ஏறினோம்.

அன்று சாயங்காலம் அனிதா குழம்புக்கு அவரைக்காய் உரித்து, கொட்டையின் தோலைப் பிதுக்கிக்கொண்டிருந்தாள். ராஜ்குமார் வந்தான். நான் எழுந்து நின்று சொன்னேன், உட்கார்ந்து சொல்ல வரவில்லை. ரிவால்வரைக் கொடுத்துவிட்டேன் என்றேன். அதை மேசையில் வைத்தது தப்பு என்றேன். இந்தக் கல்யாணத்தில் எனக்குச் சம்மதம் இல்லை, ஊரை நினைத்தால் பயமாக இருக்கிறது, ஆனால் அதை இனி வாயால்தான் சொல்வேன், நீ எதிர்த்துப் பேசு, நான் கேட்கிறேன் என்றேன். அவன் பேசினான். நன்றாகவே பேசினான், எனக்குக் கோபம் வருகிற அளவுக்குப் பேசினான். நானும் கத்தினேன். பக்கத்து வீட்டு ராசாத்தி எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். கத்திக்கொண்டே அவன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அவரைப் பிதுக்க ஆரம்பித்துவிட்டான், அவனுக்கே தெரியவில்லை. கடைசியில் களியும் பிதுக்குப் பருப்புக் குழம்பும் சாப்பிட்டான். குழம்பு மறுபடியும் கேட்டான். அனிதா சமையலறையில் போய் அழுதாள்.

முடிவு ஒன்றும் ஆகவில்லை அக்கா. மாதக் கடைசியில் ஜமீரும் அவர் மனைவி ஃபகருன்னிசாம்மாவும் ஜைபாவைக் கூட்டிக்கொண்டு வருகிறார்கள், இன்னொரு தரம் உட்கார்ந்து பேச. சண்டை வரலாம். நீயும் வர வேண்டும். இந்த வீட்டில் உனக்கு ஒரு வாய் சோறு போட வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருக்கிறது. கேட்கிற தகுதி எனக்கு இல்லை. நீ எந்தக் கிழமை என்று சொல்லு, அந்தக் கிழமையில் எல்லோரையும் வரச் சொல்கிறேன்.

உன் தம்பி,
குருமூர்த்தி

*

சிங்காரப்பேட்டை,
20.12.2025

தம்பி குருமூர்த்திக்கு,

எல்லோரும் நலம். உங்கள் மாமாவும் வருகிறார், புதுச் சட்டை எடுத்து வைத்துக்கொண்டுவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை வருகிறோம். பெருமாளிடம் சொல்லிவிட்டேன். அந்த விரதம் தனக்காக இல்லை என்று அவருக்கும் தெரியும். ஜமீர் வீட்டாரையும் அன்றைக்கே வரச் சொல். அந்தப் பெண் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடட்டும்.

காலை பஸ்ஸில் வெறும் வயிற்றோடு கிளம்புகிறேன். நிறையப் பசியோடு வருவேன், அனிதாவிடம் சொல்லி வை.

அக்கா,
வெங்கடம்மாள்